பல்சரில் மதுரை – ஹம்பி: கிளம்புமுன் சர்வீஸை நானே பார்க்கலாமா?

வைகைக்கரையான் | மதுரை

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் கூட்டம் குறைந்ததும் தம்பியைப் பின்னால் உட்காரவைத்து ஹம்பி போகத் திட்டம். போகும் வழி திண்டுக்கல், சேலம், ஓசூர், பெங்களூரு, சித்ரதுர்கா, ஹொசப்பேட்டை. வரும் வழி மைசூர், சாம்ராஜ்நகர், திம்பம் இறங்கி சத்தி, ஈரோடு, கரூர். எப்படியும் 1,600 கிலோமீட்டர் தேறும்.

வண்டி 2013 பல்சர் 150, கார்புரேட்டர் மாடல், 52,000 ஓடியிருக்கிறது. தினமும் ஆபீஸ் போக அதுதான். இதுவரை வெளியில்தான் சர்வீஸ் விட்டேன். கடைசியாக விட்ட இடத்தில் பில்லில் ‘செயின் கிளீனிங்’ என்று தனியாகக் காசு போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் செயினில் பழைய கறுப்பு மசி இம்மி குறையாமல் இருந்தது. அதற்குப் பிறகு, லாங் ட்ரிப்புக்காவது நானே பார்க்கலாம் என்று தோன்றிவிட்டது.

கையில் இருப்பது: ரிங் ஸ்பேனர் செட், பிளக் ஸ்பேனர், ஆலன் கீ, கட்டிங் பிளேயர், ஒரு மல்டிமீட்டர். இன்ஜின் ஆயில், செயின், பிளக், ஏர் ஃபில்டர் இதெல்லாம் என்னால் முடியும் என்று நினைக்கிறேன். பிரேக்கையும் டேப்பெட்டையும் (வால்வு இடைவெளி அட்ஜஸ்ட்மென்ட்) தொடலாமா? எத்தனை நாள் முன்னால் ஆரம்பிக்க வேண்டும்?

சும்மா_ஒரு_ஆள் | சென்னை

ப்ரோ, எதற்கு இந்த வேலை? நல்ல சர்வீஸ் சென்டராகப் பார்த்து விடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள், முடிந்தது. நடுவழியில் ஏதாவது ஆனால் ‘நானே பார்த்தேன்’ என்று யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?

பட்டறைக்காரன் | திண்டுக்கல்

அவர் பார்த்தால் என்ன தம்பி? இந்தத் தொழிலில் இருக்கிறவன் நானே சொல்கிறேன், பார்க்கட்டும். நடுரோட்டில் கிளட்ச் கேபிள் அறுந்தால் சர்வீஸ் சென்டர் கூட வராது. வீட்டு வாசலில் ஒரு தடவை கழற்றி மாட்டியவன் சித்ரதுர்கா பக்கத்திலும் கழற்றி மாட்டிவிடுவான். காசு மிச்சம் என்பதெல்லாம் அப்புறம்.

மதுரைத் தம்பிக்கு முதலில் நாள் கணக்கு. கிளம்பும் நாளுக்கு முந்தைய ராத்திரி எதையும் கழற்றக்கூடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டறைக்கு வந்து “அண்ணே, விடியக்காலையில கிளம்புறோம், ஃபுல்லா பாத்து விட்ருங்க” என்று நிற்பவர்களைப் பார்த்தாலே எனக்குப் பகீரென்கிறது. புது பிரேக் ஷூ டிரம்மோடு பொருந்தக் கொஞ்சம் ஓட வேண்டும். புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் நீளும். புதுக் கேபிளும் அப்படித்தான். இவை அத்தனையையும் ஒரே ராத்திரியில் மாற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போய்ச் சோதித்துப் பார்ப்பது என்ன கணக்கு?

பத்து நாள் முன்னால் வேலையை முடியுங்கள். அப்புறம் அதே பை, அதே பாரம், அதே தம்பியோடு எங்கள் ஊர்ப்பக்கம் வந்து சிறுமலை ஏறி இறங்குங்கள். 18 கொண்டை ஊசி வளைவு, வண்டியின் குணம் தெரிய அது போதும். வீடு திரும்பியதும் டார்ச் அடித்துக் கீழே பாருங்கள். எங்கே எண்ணெய் ஈரம், எந்த நட்டு இளகியிருக்கிறது, செயின் எவ்வளவு தொங்குகிறது என்று எல்லாம் தெரிந்துவிடும்.

வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால் வண்டியை நீங்களே கழுவுங்கள். வாட்டர் சர்வீஸில் விடாதீர்கள், அந்த வேகத் தண்ணீர் வீல் பேரிங்குக்கும் கோன் செட்டுக்கும் (ஹேண்டில் திரும்புகிற இடத்து பேரிங்) உள்ளே போகும். வாளித் தண்ணீரும் பழைய பனியன் துணியும் போதும். துணி ஒவ்வொரு போல்ட்டின் மேலும் போய் வரும்போது எது ஆடுகிறது, எது காணவே காணோம் என்று கைக்குத் தெரியும். சைலன்சர் பிடிக்கும் போல்ட், இன்ஜின் மவுண்டிங், சைடு ஸ்டாண்ட் ஸ்பிரிங், நம்பர் பிளேட், இந்த நாலையும் கட்டாயம் அசைத்துப் பாருங்கள்.

அளவுகோல் | கோயம்புத்தூர்

ஆயிலைப் பற்றி நான் எழுதுகிறேன், இதில்தான் கடைக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்லிக் குழப்புவார்கள்.

டப்பாவின் முன்பக்கம் என்ன எழுதியிருந்தாலும் பின்பக்கத்தில் ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்ற தரக் குறி இருக்கிறதா பாருங்கள். நம் பைக்குகளில் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கிறது. கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்த்திருப்பார்கள். காருக்கு அது நல்லது, நமக்குக் கிளட்ச் வழுக்கும். திராட்டில் முறுக்கினால் இன்ஜின் கத்தும், வண்டி இழுக்காது. ‘எம்பி’ என்று இருந்தால் அது ஸ்கூட்டர் ஆயில், அதுவும் வேண்டாம். ஆயிலின் கெட்டித்தன்மை கிரேடு 20டபிள்யூ50-ஆ வேறா என்பதற்கு வண்டியோடு வந்த புத்தகம்தான் பதில், வாட்ஸப் குரூப் இல்லை. சிந்தெடிக் போட்டால் நல்லதுதான், ஆனால் வழக்கமாகப் போடும் கிரேடைப் புதிதாகப் போட்டுக்கொண்டு போனாலே இந்தப் பயணத்துக்குத் தாராளம்.

மாற்றும்போது வண்டியை ஐந்து நிமிடம் ஓட்டி, சூடு கொஞ்சம் ஆறியதும் வடியுங்கள். சூட்டில் ஆயில் இளகி அழுக்கையும் இழுத்துக்கொண்டு வரும். டிரெயின் போல்ட்டை விரலால் மூன்று நான்கு சுற்று ஏற்றிவிட்டு அப்புறம்தான் ஸ்பேனர். கேஸ் அலுமினியம், போல்ட் இரும்பு. கோணலாக ஏற்றி பைப் மாட்டி இறுக்கினால் மரை போய்விடும். அப்புறம் ஹம்பி போக வேண்டிய காசு லேத்துக்குப் போகும். கீழே இருக்கும் வாசரைப் புதிதாகப் போடுங்கள், சில்லறைக் காசுதான். ஆயில் ஃபில்டரையும் சேர்த்து மாற்றுங்கள்.

அளவு பார்க்கும்போது வண்டி நேராக நிற்க வேண்டும், சைடு ஸ்டாண்டில் இல்லை. ‘லாங் போகிறோம், கொஞ்சம் சேர்த்து ஊற்றுவோம்’ என்பது கூடாது. மேல் கோட்டுக்கு மேலே போனால் ஆயில் ஏர் ஃபில்டர் பக்கம் ஏறும், சீல் கசியும்.

வைகைக்கரையான் | மதுரை

நன்றி சார், நன்றி அண்ணே. சிறுமலை யோசனை அருமை, அடுத்த ஞாயிறு வருகிறேன்.

செயினுக்கு என்ன போடுவது? நண்பன் ஒருவன் பெட்ரோலில் கழுவு என்கிறான், இன்னொருவன் டபிள்யூடி-40 அடித்தால் போதும் என்கிறான். ஒரு வீடியோவில் வண்டியை ஸ்டார்ட் செய்து முதல் கியரில் போட்டு, ஓடுகிற செயினில் துணியைப் பிடிக்கிறார்கள். வேலை சீக்கிரம் முடிகிற மாதிரி இருக்கிறது.

பட்டறைக்காரன் | திண்டுக்கல்

அந்த வீடியோவை மறந்துவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது செயின் பக்கம் கையோ துணியோ போகவே கூடாது. துணி ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், கையை எடுக்க நேரம் கிடைக்காது. எங்கள் தொழிலில் விரல் நுனி இல்லாதவர்களைக் கேட்டால் பாதிப்பேர் இந்தக் கதைதான் சொல்வார்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில், சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித் துடைக்க வேண்டும். அரை மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

மண்ணெண்ணெய், இல்லையென்றால் டீசல். பழைய டூத் பிரஷ். செயினில் ஓ-ரிங் இருந்தால் பெட்ரோல் அந்த ரப்பரைக் கெடுத்துவிடும், இல்லாவிட்டாலும் பெட்ரோலோடு வாசலில் உட்கார்ந்து விளையாடாதீர்கள். துடைத்துக் காயவிட்டு 90 கியர் ஆயிலை உள்பக்கமாக, ரோலர்களின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அப்புறம் வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். வெளியே மினுமினுப்பாக நின்றால் மண்தான் ஒட்டும். ராத்திரி போட்டு காலையில் ஓட்டினால் நன்றாக உள்ளே இறங்கியிருக்கும்.

டபிள்யூடி-40 துடைக்க உதவும். மசகுக்கு அது ஆகாது, கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும்.

டைட் வைப்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி எந்த இடத்தில் இறுக்கமாக நிற்கிறதோ அங்கே வைத்துத்தான் அளக்க வேண்டும். அங்கே நடுவில் விரலால் ஏற்றி இறக்கினால் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் பெரும்பாலான வண்டிக்குச் சரி, உங்கள் வண்டிக்குச் சரியான அளவு புத்தகத்தில் இருக்கும். சத்தம் வரக்கூடாது என்று கம்பி மாதிரி இறுக்கினால், தம்பியும் பையும் ஏறி உட்கார்ந்ததும் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலே போய்ச் செயின் இன்னும் இழுபடும். கியர்பாக்ஸ் பேரிங் அடி வாங்கும். இரண்டு பக்கமும் கோடு ஒன்றாக நிற்கிறதா பார்த்து ஆக்சில் நட்டை முறுக்குங்கள்.

பல் சாய்ந்து கொக்கி மாதிரி வளைந்திருந்தால் டைட் வைத்துப் பிரயோஜனமில்லை. செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். செயினை மட்டும் மாற்றினால் பழைய பல் அதைச் சீக்கிரமே தின்றுவிடும். லாக் கிளிப் இருக்கிற செயின் என்றால் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்த்து இருக்க வேண்டும். மாறி மாட்டி, போகிற போக்கில் தெறித்துப்போன கேஸ் நிறைய வரும்.

செயினை நகர்த்தினால் பின் பிரேக்கின் ஆட்டமும் மாறும். அதையும் மறுபடி சரி பார்க்க வேண்டும்.

பண்ணாரிப்பாதை | சத்தியமங்கலம்

பிரேக் என்றதும் நான் வருகிறேன். திம்பம் எனக்கு வாரம் ஒருமுறை ஏறி இறங்கும் ரோடு. நீங்கள் மைசூர்ப் பக்கமிருந்து வருவதால் உங்களுக்கு முழுக்க இறக்கம். 27 வளைவு, முன்னால் கரும்பு லாரி, பின்னால் பஸ், சில வளைவில் லாரி திரும்பி முடியும்வரை நிற்க வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் களைத்த வண்டியில், இரண்டு பேரும் பையுமாக அங்கே இறங்கப் போகிறீர்கள். ஆகவே உங்கள் ட்ரிப்பில் எந்த வேலையை விட்டாலும் இதை விடாதீர்கள்.

முன் டிஸ்க்குக்கு டார்ச் அடித்து பேடைப் பாருங்கள். நடுவில் இருக்கும் காடி மறையும் நிலையில் இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். ஹேண்டில் பாரில் இருக்கும் சின்ன டப்பாவில் பிரேக் ஆயில் குறைந்திருந்தால் பெரும்பாலோர் உடனே ஊற்றி நிரப்புவார்கள். பேட் தேயத் தேய அந்த ஆயில் கீழே இறங்குவது இயல்பு. பேடைப் பார்க்காமல் நிரப்பினால், பேட் தேய்ந்த சேதியை நீங்களே மறைத்த மாதிரி. பேடும் நன்றாக இருந்து ஆயிலும் குறைந்தால் எங்கேயோ கசிவு.

நிறத்தையும் பாருங்கள். புது ஆயில் வெளிர் மஞ்சள். டீ டிகாஷன் மாதிரி இருந்தால் பழசு. அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் சரக்கு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். ஈரம் சேர்ந்த ஆயில் இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது சீக்கிரம் கொதித்துக் குமிழி கட்டும். லீவர் பொசுக்கென்று கைப்பிடி வரை போகும், வண்டி நிற்காது.

இறங்கும்போது இரண்டாவது கியர், தேவைப்பட்டால் முதல் கியர். இன்ஜினே பிடிக்கட்டும். பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை நிறுத்தி நியூட்ரலில் உருட்டுகிறவர்களை இன்றைக்கும் அங்கே பார்க்கலாம். கீழே வருவதற்குள் டிரம் தீய்ந்த நாற்றம் அடிக்கும். அப்புறம் ராத்திரியில் அந்தக் காட்டு வழியை அடைத்துவிடுவார்கள். வெளிச்சம் இருக்கும்போதே பண்ணாரி வந்து சேருகிற மாதிரி மைசூரிலிருந்து கிளம்புங்கள்.

சும்மா_ஒரு_ஆள் | சென்னை

இதைத்தான் முதலிலேயே சொன்னேன். பிரேக்கைப் பற்றி இவ்வளவு பயமுறுத்திவிட்டு, அதையும் வீட்டில் பார் என்றால் எப்படி?

அளவுகோல் | கோயம்புத்தூர்

இதில் அவரோடு நான் பாதி உடன்படுகிறேன். பார்ப்பதை வீட்டில் பார்க்கலாம், கழற்றுவதை யோசிக்க வேண்டும். பேட் மாற்றுவதை இரண்டு போல்ட் கழற்றத் தெரிந்தவர் செய்யலாம். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே டப்பா வழிகிறதா பார்த்துக்கொள்ள வேண்டும், டேங்க் மேல் சிந்தினால் பெயின்ட் உரிந்துவிடும். ஆனால் பிரேக் ஆயிலை முழுக்க மாற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதை (ஏர் எடுப்பது) முதல் தடவை தனியாகச் செய்ய வேண்டாம். லீவரைப் பிடி, நிப்பிளைத் திற, மூடு, அப்புறம் லீவரை விடு. இந்த வரிசை ஒரு தடவை தப்பினால் காற்று உள்ளே போகும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வது நல்லது. மூடியில் டாட் 4 என்றிருந்தால் அதையே போடுங்கள். டாட் 5 என்பது சிலிகான், இதோடு சேராது.

பட்டறைக்காரன் | திண்டுக்கல்

சரியாகச் சொன்னார். பின் டிரம் மட்டும் நீங்களே பார்க்கலாம். பிரேக் பிடித்துக்கொண்டு டிரம் வெளியில் இருக்கும் அம்புக்குறியைப் பாருங்கள், அது கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஷூ முடிந்தது. ராடு நட்டில் முறுக்குவதற்கு மரை மிச்சமில்லை என்றாலும் அதே அர்த்தம். சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் எடுங்கள். மாட்டி முடித்துப் பெடலை அட்ஜஸ்ட் செய்தபின் பின்னால் பிரேக் லைட் எப்போது எரிகிறது என்று தம்பியை நின்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஸ்விட்சையும் சேர்த்து நகர்த்த வேண்டியிருக்கும். எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் பிரேக் லைட்டோடு நெடுஞ்சாலையில் போகிற வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள், பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் பிரேக் பிடிப்பதே தெரியாது.

டேப்பெட் கேட்டீர்கள். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இல்லாமல் தொடாதீர்கள். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே நிற்க வேண்டும், இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான். லேசாக டக் டக் என்று கேட்டால் பரவாயில்லை. சத்தமே வரக்கூடாது என்று இறுக்கினால் எக்ஸாஸ்ட் வால்வு முழுசாக மூடாது. தொடர்ந்து எழுபது எண்பதில் போகும்போது வால்வு கருகிவிடும். டேப்பெட் சத்தம் போடுகிறதே என்று ஊர் கடந்து பயப்படுகிறவர்கள் அதிகம். சத்தமே போடாத டேப்பெட்டுக்குத்தான் பயப்பட வேண்டும்.

ஆதிரை_350 | திருச்சி

பெரியவர்கள் இன்ஜினைப் பார்த்துவிட்டார்கள். நான் வழியில் உண்மையாகவே படுத்துகிற சின்ன விஷயங்களுக்கு வருகிறேன்.

கிளட்ச் கேபிள். உங்கள் வண்டிக்கான புதுக் கேபிள் ஒன்றைப் பையில் வைக்காதீர்கள், பழைய கேபிளின் கூடவே அதே பாதையில் ஓட்டி, இரண்டு முனையையும் டேப் சுற்றித் தண்ணீர் போகாமல் கட்டி வைத்துவிடுங்கள். அறுந்தால் டேங்க்கைத் தூக்கி வழி தேட வேண்டாம், மேலே ஒரு முனை கீழே ஒரு முனை மாட்டினால் வேலை முடிந்தது. லீவர் பக்கம் கேபிளின் முனையில் ஓரிரு இழை பிரிந்து நின்றால் காத்திருக்காமல் இப்போதே மாற்றுங்கள். ஆக்சிலேட்டர் கேபிளுக்கும் இதே.

டயர். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-வது வாரம் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் ரப்பர் பழசாகி வெடிப்பு விட்டிருந்தால் மாற்றுவதுதான் நல்லது. ட்யூப் டயரா டியூப்லெஸ்ஸா என்பதும் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பஞ்சர் கிட் வாங்க வேண்டும். ட்யூப் டயர் என்றால் டியூப்லெஸ் கிட் சும்மா பாரம். ஒரு ஸ்பேர் ட்யூப், இரண்டு டயர் லீவர், கைப்பம்ப் வையுங்கள். கழற்றத் தெரியாவிட்டாலும் ட்யூப் கையில் இருந்தால் கிராமத்துப் பஞ்சர் கடையில் வேலை நடக்கும், உங்கள் சைஸ் அவர்களிடம் இருக்கும் என்று சொல்ல முடியாது. காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னால், இரண்டு பேருக்கான அளவில் பிடியுங்கள். அந்த அளவு வண்டியிலேயே ஸ்டிக்கரில் இருக்கும்.

இரண்டு பேர் போகும்போது பின் ஷாக்கை ஒரு படி, இரண்டு படி ஏற்றி வையுங்கள். இல்லாவிட்டால் பின்பக்கம் அமுங்கி ஹெட்லைட் மரத்தைப் பார்க்கும், எதிரே வருகிறவர் உங்களைத் திட்டிக்கொண்டே போவார். பை சைலன்சரில் படுகிறதா, இண்டிகேட்டரை மறைக்கிறதா என்று கட்டி நிறுத்திப் பாருங்கள்.

சீட்டுக்கு அடியில் இருக்கும் ஃப்யூஸ் டப்பாவைத் திறந்து ஸ்பேர் ஃப்யூஸ் இருக்கிறதா பாருங்கள். எங்கே இருக்கிறது என்று இருட்டில் தேடுவது பெரிய பாடு.

வைகைக்கரையான் | மதுரை

அக்கா, கேபிள் யோசனையை இன்றைக்கே செய்துவிட்டேன். எல்லாருக்கும் சேர்த்து இப்போது வண்டி இருக்கும் நிலையைச் சொல்கிறேன்.

ஆயில், ஃபில்டர் மாற்றியாயிற்று. வாசர் தேய்ந்து தகடாகி இருந்தது, புதுசு போட்டேன். செயினைக் கழுவியதும்தான் முன் ஸ்ப்ராக்கெட் பல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது தெரிந்தது, செட் வாங்கியிருக்கிறேன். முன் பேடில் காடி கண்ணுக்குத் தெரியவில்லை, மாற்ற வேண்டும். பேட்டரி ஓய்வில் 12.5 வோல்ட், ஹெட்லைட் போட்டு ஆக்சிலேட்டர் கொடுத்தால் 13.9. இது சரியா?

பிளக்தான் வேடிக்கை. இந்த வண்டியில் இரண்டு பிளக். எளிதாகக் கை போகிற பக்கம் இருந்தது புதுசு போல இருக்கிறது. மற்றப் பக்கம் கழற்றினால் ஓரமெல்லாம் துரு, முனை முழுக்கக் கரி. இத்தனை வருட பில்லில் ‘பிளக்குகள் மாற்றம்’ என்று பன்மையில்தான் எழுதியிருந்தார்கள்!

அளவுகோல் | கோயம்புத்தூர்

13.9 அருமை. 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் நின்றால் சார்ஜிங் பிரச்சினை இல்லை.

இரண்டு பிளக் வண்டியில் ஒன்று செத்தாலும் மற்றது இழுத்துக்கொண்டு போகும், அதனால் ஓட்டுகிறவருக்குச் சட்டென்று தெரியாது. மைலேஜும் இழுவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், ‘வண்டி பழசாகிவிட்டது’ என்று நினைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒரே சமயத்தில், ஒரே நம்பரில் மாற்றுங்கள். புதுசை ஒரு நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். முனை வெளிர் பழுப்பில் இருந்தால் கார்புரேட்டரைத் தொடாதீர்கள். காய்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் குறைவு, நெடுந்தூரத்தில் இன்ஜின் சுடும். ஈரமாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அது ரிங் அல்லது வால்வு சீல் பக்கம், அதைப் பட்டறையில்தான் காட்ட வேண்டும்.

பட்டறைக்காரன் | திண்டுக்கல்

ஏர் ஃபில்டர் பார்த்தீர்களா? ஸ்பாஞ்ச் என்றால் மண்ணெண்ணெயில் அலசி, பிழிந்து, காயவைத்து, ஆயில் நனைத்துப் பிழிந்து மாட்டலாம். முறுக்கக் கூடாது, கிழியும். பேப்பர் என்றால் உள்ளிருந்து வெளியே காற்றடிக்கலாம். பிசுபிசுப்பாக எண்ணெய் தடவிய பேப்பர் என்றால் காற்றும் அடிக்கக் கூடாது, புதுசுதான். பெல்லாரிப் பக்கம் சுரங்க லாரி ஓடுகிற செம்மண் பூமி, போய் வந்ததும் ஃபில்டரையும் செயினையும் இன்னொரு தடவை பாருங்கள்.

கார்புரேட்டர் வண்டி என்பதால் இன்னும் இரண்டு. பெட்ரோல் ட்யூப் 2013-லிருந்து அதேதான் என்றால் மாற்றிவிடுங்கள், கெட்டிப்பட்டு வளைக்கும் இடத்தில் வெடித்திருக்கும். ரிசர்வ் வேலை செய்கிறதா என்று ஊருக்குள்ளேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பல வண்டியில் ரிசர்வுக்குத் திருப்பினால்தான் அடியில் கிடக்கும் துருவும் தண்ணீரும் கார்புரேட்டருக்கு இறங்கும். அது மதுரைக்குள் நடந்தால் அடியிலிருக்கும் ஸ்குரூவைத் திறந்து வடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

சும்மா_ஒரு_ஆள் | சென்னை

சரி, நானும் ஒத்துக்கொள்கிறேன், அந்த இரண்டாவது பிளக்கை நானும் இன்றைக்குக் கழற்றிப் பார்க்கப் போகிறேன். என் வண்டியும் பல்சர்தான். ஆனால் முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் ‘டக்’ என்று ஓரிடத்தில் நிற்கிறது. அது என்ன?

பட்டறைக்காரன் | திண்டுக்கல்

கோன் செட் தேய்ந்து குழி விழுந்திருக்கிறது. ஊருக்குள் தெரியாது, வேகத்தில் ஹேண்டில் நேராகப் போகாமல் அலையும். இது வீட்டில் பார்க்கிற வேலை இல்லை, குண்டு எண்ணிப் போட்டு அழுத்தி உட்காரவைக்க வேண்டும். பட்டறையில் கொடுங்கள். மதுரைத் தம்பியும் அதே மாதிரி தூக்கிப் பார்த்துவிடுங்கள். அப்படியே சக்கரத்தை இரண்டு கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங். ஃபோர்க் (முன் ஷாக்) குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல்.

வைகைக்கரையான் | மதுரை

தூக்கிப் பார்த்தேன் அண்ணே, ஹேண்டில் வழுவழுவென்று திரும்புகிறது. ஃபோர்க்கிலும் கசிவில்லை. பிரேக் ஆயில் மாற்றுவதற்கு வியாழக்கிழமை தெரு மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கிறேன், நின்று பார்க்க விடுவாராம். டேப்பெட்டையும் அவரே.

கடைசியாக ஒன்று. வடித்த பழைய ஆயில் ஒரு கேனில் இருக்கிறது. அம்மா வாசலில் வைக்காதே என்கிறார்கள். சாக்கடையில் ஊற்ற மனசு வரவில்லை. என்ன செய்வது?

ஆதிரை_350 | திருச்சி

ஊற்றாதீர்கள். கேனை நன்றாக மூடி அந்த மெக்கானிக்கிடமே கொடுங்கள். பழைய ஆயில் எடுக்க அவர்களிடம் ஆள் வருவார்கள், பீப்பாயில் சேர்த்து வைத்திருப்பார்கள்.

பட்டறைக்காரன் | திண்டுக்கல்

ஆமாம், எங்களிடம் சேரும். கட்டட வேலைக்காரர்களும் சென்டரிங் பலகையில் தடவக் கேட்டு வருவார்கள். தம்பி, ஞாயிற்றுக்கிழமை சிறுமலை வரும்போது 17, 24 ஸ்பேனர் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். புதுச் செயின் செட் போட்டிருப்பீர்கள், இறங்கி வந்ததும் ஒருமுறை டைட் பார்க்க வேண்டியிருக்கும். ஆக்சில் நட்டுக்கு எந்த நம்பர் சேருகிறது என்று வீட்டிலேயே மாட்டிப் பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள்.